பனியை எங்கே கொட்டுவது?

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்காசியிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "பனி விழுதாமே, தலைக்குத் துண்டு கட்டிக்கோ. காதுல பஞ்சு வச்சுக்கோ." அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊர்ப் பனி மார்கழி விடியலில் கோலம் போடக் குனியும்போது உச்சந்தலையில் இறங்கும், சளி பிடிக்கும், எட்டு மணி வெயில் வந்ததும் போன இடம் தெரியாது. இங்கே கொட்டுவதையும் அதே பெயரால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு சொல் கைவசம் இல்லை. ஆனால் இது சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகிற ரகம் இல்லை. வந்தால் நாலு மாதம் குடியிருக்கும். வாடகையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது ஜப்பானில், நீகாத்தா மாநிலத்து மினாமி உவோனுமாவில், உராசா என்கிற இடத்தில். பெயருக்கு நகராட்சி. வாசலில் நின்று பார்த்தால் நெல்வயல், அதைத் தாண்டி ஆறு, ஆற்றுக்குப் பின்னால் ஹக்காய் மலை. வயல்களுக்கு நடுவே ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கத்தான் என் வீட்டுக்காரர் வந்தார், படித்து முடித்து இங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைக்க, நானும் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தேன். காரில் அரை மணி நேரத்துக்குள் ஐந்தாறு பனிச்சறுக்குத் தளங்கள் உண்டு. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் சனி ஞாயிறுகளில் கூட்டம் அள்ளும். அவர்கள் காசு கொடுத்து வந்து அனுபவித்துவிட்டுப் போகிற அதே சரக்கைத்தான் நாங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்போம்.

ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது "குளிர் எப்படித் தாங்குறீங்க" என்றுதான். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இங்கே குளிர் அப்படியொன்றும் பெரிதில்லை. ஜனவரியில்கூடச் சைபரை ஒட்டித்தான் ஆடிக்கொண்டிருக்கும். இது மலையுச்சியும் கிடையாது, கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூடத் தேறாத பள்ளத்தாக்கு. பிறகு ஏன் இவ்வளவு பனி என்றால், அதைத் தென்காசிக்காரிக்குப் புரியவைப்பது சுலபம். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் மழை கொட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பக்கம் சாரலாக எட்டிப் பார்க்கும் இல்லையா, அதே கதைதான். சைபீரியாவிலிருந்து காய்ந்த குளிர்காற்று கிளம்புகிறது, வழியில் ஜப்பான் கடலைக் கடக்கிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று ஓடுகிறது. காற்று அதிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் மலையில் முட்டி, சுமந்து வந்த அத்தனையையும் எங்கள் தலையில் இறக்கிவிட்டு, அந்தப் பக்கம் போகும்போது கையை வீசிக்கொண்டு போகிறது. அதனால்தான் ரயிலில் டோக்கியோவிலிருந்து வரும்போது சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் நீலவானமும் வெயிலுமாக இருக்கும், 22 கிலோமீட்டர் இருட்டில் ஓடி வெளியே வந்தால் எல்லாம் வெள்ளை, வானம் உட்பட.

சைபரை ஒட்டிய குளிர் என்பதால்தான் இந்தப் பனி ஈரமாக இருக்கிறது, ஈரமாக இருப்பதால் கனக்கிறது. புதிதாக விழுந்தது பஞ்சு மாதிரிதான். இரண்டு வாரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அமுங்கினால் ஒரு கனமீட்டர் 300 கிலோ வரும். ஒரு சின்ன வீட்டுக் கூரை 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அமுங்கிய பனி நின்றால் 15 டன். நாலு கோயில் யானைகளைக் கூரையில் ஏற்றிவிட்டுக் கீழே படுத்துத் தூங்குவது மாதிரி. ஒரு மீட்டர் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. இதே மாநிலத்தில் தகதாவில் 1945-இல் 377 சென்டிமீட்டர் நின்றிருக்கிறது, பக்கத்து த்சுனானில் 2006-இல் நாலு மீட்டரைத் தாண்டியது.

குளிர்காலக் காலை எப்படித் தொடங்கும் என்று சொல்கிறேன். முதல் அறிகுறி சத்தம் இல்லாமல் போவது. மழை என்றால் பெய்வது தெரியும். பனி பெய்தால் ஏற்கெனவே இருந்த சத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். நடுராத்திரி விழிப்பு வந்து, நெடுஞ்சாலை லாரிச் சத்தம், வாய்க்கால் சலசலப்பு, எதிர்வீட்டு நாய், எதுவுமே கேட்கவில்லை என்றால் வயிற்றைக் கலக்கும். மூன்று மணிக்கு மேல் பனி தள்ளும் வண்டிகள் வரும், பின்னால் எடுக்கும்போதெல்லாம் பீப் பீப் என்று கத்திக்கொண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் இன்றைக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் என்று புரிந்துவிடும், அலாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூட வேண்டியதுதான்.

அந்த வண்டி சாலையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும், சந்தோஷம். ஆனால் தள்ளிய பனி எங்கே போகும்? சாலையின் இரண்டு ஓரங்களுக்கும், அதாவது ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும். அதுவும் அமுங்கி இறுகிய கட்டிகள். முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாசலைக் கண்ணாடி மாதிரி துடைத்துவிட்டுப் படுத்திருப்போம், காலையில் கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். வண்டி ஓட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது, அவர் தூக்கத்தைத் தொலைத்து வந்திருக்கிறார், அவர் வீட்டு வாசலிலும் இன்னொருவர் இதே மாதிரி ஒரு சுவரை வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். இருந்தாலும் ஆறு மணிக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போது மனதில் வருகிற வார்த்தைகள் சுத்தமான நெல்லைத் தமிழில் வரும். நல்லவேளை, இங்கே யாருக்கும் புரியாது.

அதைத் தள்ள ஒரு கருவி உண்டு, ஸ்னோ டம்ப் என்பார்கள். பெரிய முறத்துக்கு யூ வடிவத்தில் ஒரு கைப்பிடி வைத்தால் எப்படி இருக்கும், அதுதான். இதற்கு மாமாசான் டம்ப் என்று ஒரு செல்லப் பெயர், வீட்டுப் பெண்களே தள்ளிவிடலாமாம். அப்படிப் பெயர் வைத்தவரை ஒரு ஜனவரி காலையில் என் வாசலுக்குக் கூப்பிட ஆசை. முதல் வருடம் நான் அதைத் தூக்கினேன், அதுதான் தப்பு. இரண்டே நாளில் இடுப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டு ஒபாச்சான், அதாவது பாட்டியம்மா, எண்பதைத் தாண்டியவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேலிருந்து செங்குத்தாக ஒரு வெட்டு, பக்கவாட்டில் ஒரு வெட்டு, மைசூர்பாகு துண்டு போடுகிற மாதிரி. அப்புறம் அடியில் முறத்தைச் செருகி, முழங்காலால் பின்னால் ஒரு தட்டு, தூக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. "நீ சண்டை போடுகிறாய், இது சறுக்கும், சறுக்க விடு" என்றார். தகட்டில் பனி ஒட்டிக்கொண்டால் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும். நான் என் புத்திசாலித்தனத்தில் தேங்காய் எண்ணெய் தடவலாமே என்று பாட்டிலை எடுத்தேன். அது அக்டோபரிலேயே கல்லாகி உட்கார்ந்திருந்தது.

சரி, வெட்டினோம், தள்ளினோம். எங்கே தள்ளுவது? இந்த ஊரின் எல்லா விஷயமும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். என் வாசல் பனியை அடுத்தவர் எல்லைக்குள் தள்ளக்கூடாது. சாலையில் போடக்கூடாது. தோட்டத்தில் குவித்தால் பிப்ரவரியில் ஜன்னலை மூடிவிடும், தரைத்தள ஜன்னல்களுக்கு ஏற்கெனவே நவம்பரிலேயே பலகை அடித்தாகிவிட்டது, இல்லையென்றால் கண்ணாடி உடையும், அதனால் நாலு மாதம் கீழ் அறையில் பகலிலும் விளக்குதான்.

எங்கள் தெருவில் இதற்கு ஒரு பனி வாய்க்கால் இருக்கிறது. சாலையோரத்தில், நடைபாதைக்கு அடியில், ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி விட்டு வேகமாக ஓடவைத்திருக்கிறார்கள். சில மீட்டருக்கு ஒரு இரும்புக் கம்பி மூடி. மூடியைத் திறந்து பனியை உள்ளே தள்ளினால் அடித்துக்கொண்டு போய் ஆற்றில் சேர்த்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும் இல்லையா, அதனால் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மேல்தெருவுக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, எங்கள் வரிசைக்கு அதற்குப் பிறகு என்று. என் தாத்தா குளத்துப் பாசனத்தில் முறைத்தண்ணீருக்காக ராத்திரி அரிக்கேன் விளக்கோடு மடையில் காவல் கிடந்தவர். அவரிடம், தண்ணீர் வாங்குவதற்கு இல்லை தாத்தா, பனியைத் தள்ளுவதற்கு முறை போட்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்.

அந்த முறையைத்தான் முதல் குளிர்காலத்தில் நான் உடைத்தேன். அறிவிப்புத் தாள் வந்திருந்தது, எனக்கு அப்போது ஜப்பானிய எழுத்து சரியாகப் படிக்க வராது, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். காலை பத்து மணி, குழந்தை தூங்குகிறது, இதுதான் சமயம் என்று மூடியைத் திறந்து தள்ளினேன், தள்ளினேன், ஒன்றரை மணி நேரம். தண்ணீர் கொஞ்சமாக ஓடுவதைப் பார்த்தேன், எனக்கு உறைக்கவில்லை. நான் தள்ளியது நாலு வீடு தள்ளி வாய்க்கால் திரும்புகிற இடத்தில் போய் அடைத்து, தண்ணீர் மேலேறி, சாலையில் பரவி, ஒரு வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்குள் புகுந்து, அங்கே அட்டைப்பெட்டியில் வைத்திருந்த அரிசி மூட்டைவரை போய்விட்டது. உவோனுமா அரிசி! ஜப்பானிலேயே விலை கூடின அரிசிகளில் ஒன்று. ஆட்கள் ஓடிவந்து நீளக் கழிகளால் குத்தி அடைப்பை எடுத்தார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் ஒபாச்சான் ஒரு இனிப்புப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு முன்னால் அவர் குனிந்தார். "இந்தியா மருமகளுக்கு நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது." தெருவில் அன்று முதல் என் பெயர் அதுதான், இந்தியா மருமகள். அரிசி மூட்டைக்காரர் மறுநாள் காலை எங்கள் வாசலில் நின்று, கையில் கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, "இப்போது உங்கள் நேரம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இன்றுவரை அவர்தான் எனக்கு நேரம் சொல்கிறவர்.

பெரிய சாலைகளில் வேறு ஏற்பாடு. சாலையின் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள், அவற்றிலிருந்து நிலத்தடி நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். 13 டிகிரி சூட்டில் வருகிற நீர், பனி விழ விழக் கரைத்துவிடும். இதை முதலில் போட்டது பக்கத்து நாகாஓகா நகரத்தில், 1960-களின் தொடக்கத்தில். காரமான அரிசி நொறுக்குத்தீனி செய்கிற கம்பெனி நடத்திய ஒருவர், தண்ணீர் கசிந்த இடத்தில் மட்டும் பனி தங்கவில்லையே என்று கவனித்ததில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் தண்ணீரில் இரும்பு இருப்பதால் சாலையெல்லாம் துருப்பிடித்த செம்மண் நிறம். மூன்றாவது நாளே என் வெள்ளைக் காலணியும் அதே நிறம். நடந்து போகிறவர்கள்மேல் கார்கள் அந்தத் தண்ணீரை வாரி இறைக்கும், அதனால் ஊரே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் திரியும், வங்கிக்கு, கோயிலுக்கு, பள்ளிக்கூட விழாவுக்கு எல்லாம். எல்லாரும் நீரை உறிஞ்சியதில் பக்கத்து முய்காமாச்சியில் நிலமே இறங்க ஆரம்பித்து, இப்போது கிணறு போடுவதற்கும் இறைப்பதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பனியைக் கரைக்கப் போய்ப் பூமி இறங்கியது. எனக்கு என்னவோ இது ரொம்பவும் நம் ஊர்க் கதை மாதிரி தெரிகிறது.

பனியைக் கொட்ட இடம் தேடியவர்களில் ரொம்பப் பெரிய இடமாகப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கக்குவேய் தனாகா. இந்த மாநிலத்துக்காரர், 1972-இல் பிரதமரானவர், அப்புறம் லாக்ஹீட் ஊழல் வழக்கில் கைதானவர். 1946-இல் முதல் தேர்தலில் நின்றபோது அவர் பேசிய பேச்சை இங்கே இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நடுவில் நிற்கிற மிக்குனி மலையை வெட்டித் தள்ளிவிட்டால் காற்று நேராக டோக்கியோ பக்கம் போய்விடும், இங்கே பனி விழாது, வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டிச் சதோ தீவை நம்மோடு ஒட்டிவிடலாம் என்றாராம். மலையை வெட்டவில்லை, அந்தத் தேர்தலில் தோற்றும் போனார். பிறகு வந்து மலைக்குள் சுரங்கம் போட்டு ரயில் விட வைத்தார், 1982-இல் எங்கள் உராசாவில்கூட அந்த ரயில் நிற்க ஆரம்பித்தது. நிலையத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது, வலது கையைத் தூக்கிக்கொண்டு. சிலைக்கு மேலே ஒரு கூரை. பனியை ஊரைவிட்டே விரட்டுவேன் என்றவர் தலையில் பனி விழாமல் இருக்க! முதல் தடவை பார்த்தபோது நான் நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன்.

கூரை என்றதும் நினைவு வருகிறது. கூரைப் பனி இறக்குவதுதான் இங்கே ஆபத்தான வேலை. ஒவ்வொரு குளிர்காலமும் செய்தியில் வரும், எழுபது வயதுக்காரர் கூரையிலிருந்து விழுந்தார், எண்பது வயதுக்காரர் மேலிருந்து சரிந்த பனிக்குள் புதைந்தார் என்று. பிள்ளைகள் டோக்கியோவில், சைத்தாமாவில். வீட்டில் இருப்பது வயதானவர்கள் மட்டும். பனி காத்திருக்காது. ஒபாச்சானின் மகன் சனிக்கிழமைகளில் வருவார், வர முடியாத வாரம் என் வீட்டுக்காரர் ஏறுவார். இடுப்பில் கயிறு, தலைக்கவசம், கீழே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். முழுக்கச் சுரண்டி எடுக்கவும் கூடாது, ஒரு சாண் உயரத்துக்கு விட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் தகடு வழுக்கும். புது வீடுகள் இந்த வம்பே இல்லாமல் செங்குத்தான கூரையோடு, தரைத்தளத்தையே கான்கிரீட்டாக உயர்த்தி அதில் கார் நிறுத்துகிற மாதிரி கட்டிக்கொள்கிறார்கள். பனி தானாகச் சரிந்து விழும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தம், தடதடவென்று, முதல் தடவை நிலநடுக்கம் என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

சரி, பனிச்சறுக்குக்கு வருவோம். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தபின் நான் வார இறுதிகளில் ஒரு தளத்தின் உணவகத்தில் வேலைக்குப் போகிறேன். அடுப்படி வேலை. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நிமிர நேரம் இருக்காது. ஒரு இந்தியப் பெண் கரண்டியால் ஜப்பானியக் கறியைச் சோற்றில் ஊற்றுவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் "அசல் கறி" என்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். மாவும் இனிப்பும் கலந்த அந்தக் குழம்புக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் நெல் விவசாயிகள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் இங்கே வேலையே கிடையாது, ஆண்கள் சாக்கே என்கிற அரிசி மது வடிக்கவும் கட்டட வேலைக்கும் வெளியூர் போய்விடுவார்கள், ஏப்ரலில்தான் திரும்புவார்களாம். சறுக்குத் தளங்கள் வந்தபின் லிஃப்ட் இயக்கவும், சறுக்குக் கற்றுக்கொடுக்கவும், விடுதி நடத்தவும் ஊரிலேயே வேலை. இந்த நாட்டுக்குச் சறுக்கு வந்ததே இந்த மாநிலம் வழியாகத்தான், 1911 ஜனவரியில் லெர்ஹ் என்கிற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தகதாவில் ராணுவ வீரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், கையில் ஒற்றைக் கழியோடு.

அந்த மலைச்சரிவு மட்டும்தான் இந்த ஊரில் பனியை யாரும் அப்புறப்படுத்தாத இடம். அங்கே மட்டும் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். 2019-20 குளிர்காலத்தில் பனியே சரியாக விழவில்லை. எனக்கு உள்ளுக்குள் குதூகலம், இடுப்பு தப்பித்தது என்று. தெருவில் பார்த்தால் எல்லார் முகமும் தொங்கிக் கிடக்கிறது. சரிவில் புல் தெரிகிறது, லிஃப்ட் நிற்கிறது, பனி தள்ளும் வண்டிக்காரருக்கு வேலை இல்லை, விடுதிகள் காலி, வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று விவசாயிகள் வேறு. அடுத்த டிசம்பரில் சேர்த்து வைத்துக் கொட்டியது. 2020 டிசம்பர் 16 ராத்திரியிலிருந்து கன்னேட்சு விரைவுச்சாலையில் இந்தப் பகுதியில் வண்டிகள் மாட்டிக்கொண்டு, 2,000-க்கும் மேல், கடைசி வண்டியை எடுக்க இரண்டு நாளுக்கும் மேல் ஆனது. தற்காப்புப் படையினர் நடந்துபோய்ச் சாப்பாடும் எரிபொருளும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் காரில் மண்வெட்டி, போர்வை, பிஸ்கட், குழந்தைக்கு மாற்றுத்துணி எப்போதும் இருக்கும். மாட்டிக்கொண்டால், காரின் புகைபோக்கிக் குழாயைச் சுற்றிப் பனியை எடுக்காமல் உள்ளே ஹீட்டர் போட்டுத் தூங்கவே கூடாது, விஷவாயு உள்ளே ஏறிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால் ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாராவது படிப்பீர்கள். கட்டாயம் எடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பிக்கொண்டே இருக்கிறார். "ஜப்பானில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அடுக்குமாடி வீடு." உண்மைதான், பக்கத்து யுசாவாவில்தான். 1980-களின் இறுதியில் காசு புரண்ட காலத்தில் சறுக்க வருகிற டோக்கியோக்காரர்களுக்காகக் கட்டித் தள்ளினார்கள், ஏறத்தாழ 15,000 வீடுகள். அப்புறம் காசும் போச்சு, சறுக்குகிற ஆட்களும் குறைந்தார்கள். ஒரு லட்சம் யென்னுக்குக்கூட விற்றிருக்கிறார்கள். மாமா, வீட்டின் விலையைப் பார்க்காதீர்கள், மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். பொதுக் குளியல், லிஃப்ட், பனி அகற்றுதல், எல்லாம் சேர்த்து. விற்கிறவர் ஏன் விற்கிறார் என்று அப்போது தெரியும்.

சாப்பாட்டு விஷயத்தில் பனிமேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. முட்டைக்கோசையும் கேரட்டையும் பிடுங்காமல் பனிக்கடியில் விட்டுவைப்பார்கள், தோண்டி எடுத்தால் இனிக்கும். ஆனால் என்னை வாய்பிளக்க வைத்தது மிளகாய்தான். இதே மாநிலத்தில் மியோக்கோவில் கன்சுரி என்று ஒரு மிளகாய் விழுது செய்கிறார்கள். சிவப்பு மிளகாயை உப்பில் ஊறப்போட்டு, ஜனவரிக் கடுங்குளிரில் பனிமேல் பரப்பிவிடுவார்கள். வெள்ளைமேல் சிவப்பாக வாரி இறைத்திருப்பார்கள், நாம் மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயப்போடுவோமே, அதேபோல, வெயிலுக்குப் பதில் பனி. அதன் கசப்பும் முரட்டுத்தனமும் போய்விடுமாம். அப்புறம் யுசு எலுமிச்சையும் அரிசி நொதியும் சேர்த்து மூன்று வருடம் புளிக்க வைப்பார்கள். அம்மாவிடம் போனில் காட்டினேன். "மிளகாயைப் பனியில போட்டா பூசணம்லா பிடிக்கும்" என்றாள். தோசைக்கு அருமையாக இருக்கிறது என்றேன், நம்பவில்லை.

எனக்குப் பிடித்த நாட்கள் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வரும். பகலில் வெயில் அடித்து மேற்பனி இளகும், ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் அது அப்படியே இறுகிவிடும். விடிகாலையில் அதன்மேல் நடக்கலாம், கால் புதையாது. இதற்கென்றே இங்கே ஒரு சொல் இருக்கிறது, ஷிமிவதாரி. நாலு மாதமாகச் சாலையில் வெட்டிய ஒற்றையடிச் சந்துக்குள்ளேயே போய்வந்த ஊருக்கு அன்று காலை மட்டும் திசையெல்லாம் திறந்துவிடும். வரப்பு கிடையாது, வேலி கிடையாது, வேலிக்கம்பிகளின் நுனி மட்டும் புல் மாதிரி தெரியும். யார் வயல், யார் தோட்டம், ஒன்றும் தெரியாது. எல்லார் எல்லையும் ஒரு மீட்டருக்குக் கீழே.

போன மார்ச்சில் ஒரு நாள் ஐந்தரை மணிக்கு மகள் வந்து உலுக்கினாள். "அம்மா, இன்னைக்கு நடக்கலாம், வா வா." பூட்ஸை மாட்டிக்கொண்டு போனோம். காலடியில் கருக் கருக்கென்று அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஹக்காய் மலையின் நெற்றியில் மட்டும் வெயில் பட்டு ரோஜா நிறம். ஒபாச்சான் எங்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் வயலுக்கு மேலே, யாரையும் பார்க்காமல் ஆற்றைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். ஜனவரியில் முதுகு வளைந்து பனி தள்ளுகிற அதே ஆள்தானா என்று இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு, "எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்" என்றார்.

நாங்கள் ஆறுவரை போனோம், அங்கிருந்து பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனோம், மகள் பாட்டு, ஓட்டம், உருளல். திரும்பும்போது எட்டேகால் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு நூறு அடி இருக்கும்போது என் வலதுகால் சடக்கென்று உள்ளே போனது, தொடைவரை. காலை இழுத்தேன், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. இரண்டு பேரும் கையால் தோண்டிப் பார்த்தோம், அடியில் எங்கோ வயல் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் தோண்டப் பயமாக இருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரிக்க, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் நனைந்த காலுறையுமாக நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஏப்ரல் கடைசியில் பனி போய் வயல்கள் வெளியே வந்தன. வாய்க்கால் தூர்வாரும் நாளன்று மதியம் வாசலில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. படியில் என் வலதுகால் பூட்ஸ், சேறெல்லாம் கழுவித் துடைத்து, உள்ளே செய்தித்தாள் சுருட்டிச் செருகி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் கைநிறைய ஃபுக்கினோதோ, பனி விலகியதும் மண்ணைப் பிளந்துகொண்டு வருகிற பச்சை மொட்டுகள். கசப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். கடலைமாவு கரைத்து, கன்சுரி அரை ஸ்பூன் போட்டு, பஜ்ஜி போட்டேன். முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போனது.